எஸ்.எம்.சி.01113: வேலை தெரியாத ஒரு மரபணுவைத் தொடர்ந்த பன்னிரண்டு ஆண்டுகள்

ஒரு மரபணுவை நீக்கியதும் பாக்டீரியா பத்து விதமாகத் தடுமாறுகிறது. இவற்றில் எது முதல் கோளாறு, எது அதனால் வந்த கோளாறு? நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் சேரும் மாணவர்கள் விரைவிலேயே இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். அதற்குப் படிக்கத் தகுந்த நிகழ்வு ஒன்று, எஸ்.எம்.சி.01113 என்ற பாக்டீரிய மரபணுவின் வேலையைத் தேடிய ஆய்வு, 2008க்கும் 2020க்கும் இடையே நடந்தது. தொடங்கியது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.), பிறகு இஸ்ரேல், ஸ்பெயின், போர்ச்சுகல், ஜெர்மனி ஆய்வாளர்களும் அதில் வந்து சேர்ந்தார்கள். தனிமனிதர்களின் பெயர்களை இங்கே தவிர்த்திருக்கிறேன். நடந்தவை வெளியான கட்டுரைகளில் உள்ளவை. இன்ன முடிவை ஏன் எடுத்தார்கள் என்று சொல்லும் இடங்களில் என் வாசிப்பும் கலந்திருக்கிறது.

பின்னணி

குதிரைமசால் கால்நடைத் தீவனப் பயிர். அதன் வேரில் முடிச்சுகளை உண்டாக்கி, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பயன்படும் வடிவத்தில் தருவது சைனோரைசோபியம் மெலிலோட்டி என்ற மண் பாக்டீரியா. வேர் கசியவிடும் லூட்டியோலின் என்ற பொருளை உணர்ந்து பாக்டீரியா ஒரு சர்க்கரைச் சேர்மத்தை வெளியிடுகிறது. வேர்த்தூவி சுருள்கிறது. சுருளுக்குள் மாட்டிக்கொண்ட பாக்டீரியா, செடியே அமைத்துத் தரும் குழாய் வழியாக உள்ளே போய், செடியின் செல்லுக்குள் ஒரு சவ்வுப் பைக்குள் குடியேறுகிறது. அங்கே வடிவம் மாறி நைட்ரஜனை நிலைநிறுத்தத் தொடங்குகிறது.

கேட்பதற்கு இணக்கமான உறவாகத் தோன்றும். பாக்டீரியாவின் பக்கம் நின்று பார்த்தால் அது கடுமையான பயணம். செடி தன் தற்காப்பை முழுவதும் தளர்த்துவதில்லை. வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் சேர்மங்கள் வழியிலேயே எதிர்ப்படுகின்றன. முடிச்சுக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவு. செடி சுரக்கும் சிறு புரதங்கள் பாக்டீரியா பிரிந்து பெருகுவதை நிறுத்துகின்றன. இத்தனைக்கும் ஈடுகொடுக்க, பாக்டீரியா தான் தயாரிக்கும் புரதங்களின் பட்டியலையே குறுகிய காலத்தில் மாற்றி எழுத வேண்டும். நெருக்கடியைத் தாங்குவதும் கூட்டுயிர் வாழ்க்கையில் வெல்வதும் பெரும்பாலும் ஒரே திறமையின் இரண்டு முகங்களாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆய்வாளர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. நைட்ரஜன் இல்லாத ஊடகத்தில் நாற்றை வளர்த்து, பாக்டீரியாவைச் சேர்த்துச் சில வாரங்கள் காத்திருந்தால் போதும். உறவு கைகூடினால் செடி பச்சையாக நிற்கும், முடிச்சுகள் இளஞ்சிவப்பாக இருக்கும். கைகூடாவிட்டால் இலை மஞ்சளித்துச் செடி குறுகிப்போகும்.

இந்த பாக்டீரியாவின் முழு மரபணுத்தொகுதி 2001இல் வெளியானது. சுமார் 67 லட்சம் கார இணைகள், மூன்று டி.என்.ஏ. வளையங்கள், ஏறத்தாழ 6,200 மரபணுக்கள். பெயர் வைக்கப்படாத மரபணுக்களுக்கு எண் கொடுத்தார்கள். எஸ்.எம்.சி. என்ற முன்னொட்டு, மரபணு முதன்மைக் குரோமோசோமில் இருப்பதைக் குறிக்கிறது. முடிச்சு உண்டாக்கும் மரபணுக்களும் நைட்ரஜன் நொதியின் மரபணுக்களும் இருப்பதோ வேறொரு வளையத்தில். அதனால் எஸ்.எம்.சி.01113 கூட்டுயிர் வாழ்க்கைக்கென்றே அமைந்த மரபணு அல்ல, செல்லின் அன்றாட வேலைகளில் ஒன்றைச் செய்வது என்று முகவரியைப் பார்த்தே ஊகிக்கலாம்.

ஊகத்துக்கு வேறு ஆதாரமும் இருந்தது. இதே புரதம் ஏறக்குறைய எல்லா பாக்டீரியாக்களிலும் இருக்கிறது. ஆய்வகங்களில் அதிகம் ஆராயப்பட்ட குடல் பாக்டீரியாவான ஈ. கோலியில் அதன் பெயர் ஒய்.பி.இ.ஒய். ஒரு பாக்டீரியா உயிர்வாழக் குறைந்தது எந்த மரபணுக்கள் வேண்டும் என்று 2004இல் ஒரு பட்டியல் முன்வைக்கப்பட்டது. அதிலுள்ள 206 மரபணுக்களில் இதுவும் ஒன்று. 2005இல் ஈ. கோலிப் புரதத்தின் படிக அமைப்பும் வெளியாகி, அது உலோகத்தைத் தாங்கும் புரதம் என்று தெரிந்திருந்தது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் மூன்று சேர்ந்து அந்த உலோக அயனியைப் பிடித்திருக்கின்றன. ஆக, முப்பரிமாண உருவம் வரை தெரியும். வேலை மட்டும் தெரியாது. வேலை தெரியாத புரதக் குடும்பங்களுக்கான பொதுப்பட்டியலில் 54ஆம் எண்ணைப் பெற்று அது காத்திருந்தது.

2008: செடியிலும் செடிக்கு வெளியிலும்

எம்.ஐ.டி. குழு நெடுங்காலமாகக் குதிரைமசால் உறவை ஆராய்ந்துவந்தது. ஆக்சிஜனேற்ற நெருக்கடியைத் தாங்க முடியாத திரிபுகளை (மரபணு மாறிய பாக்டீரியாக்களை) தேடி, அவற்றைச் செடியிலும் சோதிப்பது அவர்களுடைய அணுகுமுறைகளில் ஒன்று. எஸ்.எம்.சி.01113 செயலிழந்த திரிபைக் குதிரைமசாலில் ஏற்றியபோது உறவு முற்றிலும் தோற்றது.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு ‘கூட்டுயிர் வாழ்க்கைக்கு இன்றியமையாத புதிய மரபணு’ என்று கட்டுரை எழுதியிருக்கலாம். பல குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன. இவர்கள் அந்தத் திரிபைச் செடிக்கு வெளியே, பலவகைச் சுற்றுச்சூழல் நெருக்கடிகளிலும் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் மட்டும் தோற்றிருந்தால் ஒரு குறிப்பிட்ட பாதுகாப்பு வழித்தடத்தைச் சந்தேகிக்கலாம். ஆனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல நெருக்கடிகளில் அது தளர்ந்தது. அப்படியானால் கோளாறு எல்லாப் பாதைகளுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. அது எந்த இடம் என்பதை 2008ஆம் ஆண்டுக் கட்டுரை சொல்லவில்லை. அந்தப் புரதக் குடும்பத்தில் ஓர் உறுப்பினரின் பணியை உயிருள்ள செல்லில் ஆராய்ந்த முதல் கட்டுரை அது. அந்த அளவோடு நின்றது.

2009, 2010: ஈ. கோலிக்கு மாறிய முடிவு

அடுத்த முடிவுதான் இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேள்வி வேர்முடிச்சில் பிறந்தது, விடையை ஈ. கோலியில் தேடினார்கள். காரணம் நடைமுறை சார்ந்தது என்றே நினைக்கிறேன். புரதம் இரண்டு உயிரிகளிலும் இருக்கிறது. ஈ. கோலியிலோ ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் அநேகமாக எல்லாவற்றுக்கும் திரிபுகள் கையில் உள்ளன. செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமின் ஒவ்வொரு துண்டும் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. வேர்முடிச்சு பாக்டீரியாவில் அந்த வசதிகளை உண்டாக்கவே ஆண்டுகள் ஆகும்.

இதற்கிடையே டெல் அவிவ் பல்கலைக்கழகக் குழு ஒன்று வேறு வழியாக அதே புரதத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது வெப்ப அதிர்ச்சியின்போது பெருகும் புரதங்களை. ஒய்.பி.இ.ஒய். அவற்றில் ஒன்று என்றும், புரத உற்பத்தியோடு தொடர்புடையது என்றும் 2009இல் எழுதினார்கள். உயர் வெப்பநிலையில் ரைபோசோமின் சிறிய பாதியான 30எஸ் நன்றாக இயங்க அது தேவை என்று அடுத்து வந்த கட்டுரையில் காட்டினார்கள்.

எம்.ஐ.டி. குழு, அதே கழகத்தில் ஆர்.என்.ஏ. வேதியியலில் ஊறியிருந்த இன்னொரு குழுவோடு சேர்ந்து 2010இல் வெளியிட்ட முடிவு இந்தத் தடத்தை உறுதிப்படுத்தியது. ஒய்.பி.இ.ஒய். நீக்கப்பட்ட ஈ. கோலியில் ரைபோசோம்கள் சரியாகக் கூடவில்லை. கூடியவையும் புரதம் தயாரிக்கும்போது அதிகம் பிழைவிட்டன. ரைபோசோமின் மூன்று ஆர்.என்.ஏ.க்களும் நுனி சீராக்கப்படாமல் இருந்தன. மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டது சிறிய பாதியில் உள்ள 16எஸ்.

16எஸ் ஆர்.என்.ஏ. 1,542 எழுத்து நீளம் கொண்டது. ஆனால் செல் அதை நேரடியாக அந்த நீளத்தில் தயாரிப்பதில்லை. முதலில் 17எஸ் என்ற முன்வடிவம் வருகிறது. அதன் முன்பக்கம் 115 எழுத்துகளும் பின்பக்கம் 33 எழுத்துகளும் மிகுதியாக இருக்கின்றன. தறியிலிருந்து இறக்கிய துணியின் ஓரத்துத் தொங்கல் நூலைக் கத்தரித்த பிறகே அது விற்பனைக்குப் போவதுபோல, இந்த மிகுதிகளை நீக்கிய பிறகே ரைபோசோம் முழுத்தகுதி பெறுகிறது. பின்பக்க நுனிதான் மரபணுவின் செய்தியைச் சுமந்துவரும் தூது ஆர்.என்.ஏ.வின் தொடக்கத்தை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் பகுதி. அதில் 33 எழுத்து வால் தொங்கினால், எந்த இடத்தில் படிக்கத் தொடங்குவது என்பதிலேயே தடுமாற்றம் வரும். முன்பக்கத்தை எந்த நொதிகள் சீராக்குகின்றன என்று தெரிந்திருந்தது. பின்பக்கத்துக்கு உரிய நொதி எது என்பது நெடுநாளாக விடையில்லாத கேள்வி.

இந்த வேலையில் ஏற்கெனவே பெயர்பெற்ற மூன்று நொதிகளின் மரபணுக்கள் ஒவ்வொன்றோடும் ஒய்.பி.இ.ஒய். மரபணுவையும் சேர்த்து நீக்கியபோது பாதிப்பு பன்மடங்காகியது. புரதத்தில் மாறாது நிலைத்திருக்கும் இடங்களைத் தனித்தனியாக மாற்றிப் பார்த்ததில் இரண்டு இடங்கள் முக்கியம் என்று தெரிந்தது. அவற்றில் ஒன்று, உலோகத்தைப் பிடிக்கும் ஹிஸ்டிடின்களில் ஒன்றான 114ஆம் அமினோ அமிலம். ஆயினும் இந்தப் புரதமே கத்தரி என்று அவர்கள் 2010இல் அறுதியிடவில்லை.

2011: இன்னொரு புரதத்தின் சாயல்

இங்கே கதை கிளை பிரிகிறது. எச்.எஃப்.கியூ. என்ற வேறொரு ஆர்.என்.ஏ. பிணைப்புப் புரதம் 1968இலேயே கண்டறியப்பட்டது. ஈ. கோலியைத் தாக்கும் ஒரு வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வைப் பெருக்கிக்கொள்ள அது தேவைப்பட்டதால் அகப்பட்டது. ஆறு துண்டுகள் சேர்ந்த வளையமான இப்புரதம் குறு ஆர்.என்.ஏ.க்களையும் தூது ஆர்.என்.ஏ.க்களையும் அருகருகே கொண்டுவந்து இணைக்கிறது. நெருக்கடி வரும்போது பாக்டீரியா புதிய குறு ஆர்.என்.ஏ.க்களைத் தயாரித்து, அவற்றின் மூலம் தேவையற்ற புரதங்களின் உற்பத்தியை நிறுத்துகிறது. ஒரு புரதத்தைத் தயாரித்து அதைக்கொண்டு கட்டுப்படுத்துவதைவிட இது விரைவு, செலவும் குறைவு. குதிரைமசாலின் பாக்டீரியாவில் எச்.எஃப்.கியூ.வை நீக்கினால் வளர்ச்சியும் நெருக்கடி தாங்கும் திறனும் கூட்டுயிர் உறவும் சேர்ந்தே நலிகின்றன என்று 2010ஐ ஒட்டிப் பல ஆய்வகங்கள் அறிவித்தன.

எம்.ஐ.டி. குழு தன் திரிபை எச்.எஃப்.கியூ. திரிபின் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இரண்டும் வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தன. கூடவே இன்னொரு ஒற்றுமையும் தென்பட்டது. தாவரங்களிலும் விலங்குகளிலும் குறு ஆர்.என்.ஏ.க்களைக் கையாளும் ஆர்கோனாட் புரதத்தில், குறு ஆர்.என்.ஏ.வின் முன்நுனியைப் பிடிக்கும் ஒரு பகுதி உண்டு. ஒய்.பி.இ.ஒய்.யின் வடிவம் அந்தப் பகுதியை ஒத்திருந்தது. 13 இலக்கு மரபணுக்களையும் 9 குறு ஆர்.என்.ஏ.க்களையும் இரண்டு திரிபுகளிலும் அளந்தார்கள். எச்.எஃப்.கியூ. இல்லாதபோது நடப்பதைப் போலவே இதிலும் அளவுகள் மாறியிருந்தன.

இதிலிருந்து 2011இல் முன்வைத்த கருத்து: இந்தப் புரதமும் குறு ஆர்.என்.ஏ. வழித்தடத்தின் ஓர் உறுப்பாக இருக்கலாம். பாக்டீரியாவின் வழித்தடத்துக்கும் மேலுயிரிகளின் வழித்தடத்துக்கும் இடையே ஓர் ஒப்புமை தெரிகிறது. கருத்து அழகானது. அதன் அழகுதான் என்னைத் தயங்கவும் வைக்கிறது. ரைபோசோம் பழுதடைந்த செல்லில் தூது ஆர்.என்.ஏ.க்களின் ஆயுள் மாறும். ரைபோசோம்கள் நெருக்கமாக ஓடும் தூது ஆர்.என்.ஏ. பொதுவாகச் சிதைவிலிருந்து காக்கப்படுகிறது. அவை குறைந்தால் வெட்டும் நொதிகளுக்கு வழி திறக்கிறது. எனவே அளவுகள் மாறியதை வைத்துக்கொண்டு, புரதம் குறு ஆர்.என்.ஏ.வை நேரில் தொடுகிறதா, ரைபோசோம் கெட்டதால் மற்றவை கெட்டனவா என்று பிரித்தறிய முடியாது. 2010ஆம் ஆண்டு முடிவு கையில் இருந்தவர்களுக்கு இந்த ஐயம் எழாமல் இருந்திருக்காது. ஆனால் அதைத் தீர்க்கும் சோதனை வர ஆறு ஆண்டுகள் ஆயின.

2013: நொதி என்று தெளிந்தது

புரதத்தைத் தனியே பிரித்தெடுத்துச் சோதித்த கட்டுரை 2013இல் வந்தது. ஒய்.பி.இ.ஒய். ஆர்.என்.ஏ.வை இடையில் வெட்டும் நொதி. 45 பாகை செல்சியசில் அது இல்லாத ஈ. கோலியில் முழுமையாகச் சீரான 16எஸ் அநேகமாக இல்லவே இல்லை. இன்னொன்றும் தெரியவந்தது. நுனியிலிருந்து அரித்துச் செல்லும் வேறொரு நொதியோடு சேர்ந்து, இது இரண்டு பாதிகளும் சேர்ந்த முழு ரைபோசோம்களில் (70எஸ்) பழுதானவற்றை அழிக்கிறது. நல்லவற்றையும் தனித்து நிற்கும் பாதிகளையும் தொடுவதில்லை. தயாரிக்கும் இடத்திலும் தரம்பார்க்கும் இடத்திலும் ஒரே நொதி.

முதல் கட்டுரையின் கேள்விக்கு இங்கேதான் விடை கிடைத்தது என்பது என் எண்ணம். சாதாரண நாளில் சற்றே குறையுள்ள ரைபோசோம்களை வைத்துக்கொண்டு செல் ஓட்டிவிடும். புரதப் பட்டியலையே மாற்ற வேண்டிய நாளில்தான் குறை வெளிப்படும். வேர்முடிச்சுக்குள் நுழைவது அப்படி ஒரு நாள்.

வாந்திபேதியை உண்டாக்கும் விப்ரியோ காலராவில் இந்த மரபணு இல்லாமல் உயிரே இல்லை என்று 2014இல் தெரிந்தது. புரதத்தின் அளவைக் குறைத்தபோது நெருக்கடி தாங்குவதும் நோய் உண்டாக்குவதும் சேர்ந்து தளர்ந்தன. மறுபுறம், 16எஸ் பின்நுனியைச் சீராக்குவதில் நுனியிலிருந்து அரிக்கும் நொதிகள் பலவற்றுக்குப் பங்குண்டு என்று வேறொரு குழு 2013இலேயே காட்டியிருந்தது. ஆகவே இந்த வேலை முழுவதையும் ஒய்.பி.இ.ஒய். ஒன்றின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது.

2017, 2020: முரண்பட்ட இரண்டு அறிக்கைகள்

இதுவரை நொதியின் வேதியியல் ஈ. கோலிப் புரதத்தில் மட்டுமே பார்க்கப்பட்டிருந்தது. குதிரைமசால் பாக்டீரியாவின் சொந்தப் புரதத்தை ஸ்பெயின், போர்ச்சுகல், ஜெர்மனி ஆய்வாளர்கள் கூட்டாகச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். அவர்கள் செய்த முதல் காரியம் 2011ஆம் ஆண்டுக் கருத்துக்கு நேரான சோதனை. புரதத்துக்கு ஓர் அடையாள வால் பொருத்தி, எதிர்ப்பொருளால் அதைச் செல்லிலிருந்து இழுத்தெடுத்து, கூடவே ஒட்டிவரும் ஆர்.என்.ஏ.க்களைப் பார்த்தார்கள். எச்.எஃப்.கியூ.வை இப்படி இழுத்தபோது ஆர்.என்.ஏ.க்கள் திரளாக வந்திருந்தன. இதனோடு வந்தவை சொற்பம். எச்.எஃப்.கியூ. போல ஆர்.என்.ஏ.க்களைத் தாங்கிப் பிடித்திருக்கும் புரதம் என்ற எண்ணம் இங்கே வலுவிழந்தது.

ஆனால் குறு ஆர்.என்.ஏ. தொடர்பு அறுந்துவிடவில்லை. அமினோ அமிலத்தைச் செல்லுக்குள் கொண்டுவரும் ஒரு புரதத்தின் தூது ஆர்.என்.ஏ.வைக் குறு ஆர்.என்.ஏ. அடக்குவதற்கு ஒய்.பி.இ.ஒய். தேவை என்று அதே கட்டுரை காட்டியது. பிடித்து வைப்பது அதன் பணி அல்ல, வெட்டுவது. வெட்டிவிட்டு விலகும் நொதியோடு ஆர்.என்.ஏ. ஒட்டிக்கொண்டு வராததும் இயல்பே.

அவர்களுடைய இன்னொரு முடிவுதான் சர்ச்சைக்கு உள்ளானது. ஒற்றை இழை, இரட்டை இழை என்ற வேறுபாடின்றி இப்புரதம் ஆர்.என்.ஏ.வை வெட்டுகிறது, மக்னீசியம், மாங்கனீஸ், கால்சியம் ஆகியவற்றின் துணையில் வெவ்வேறு விதமாக வெட்டுகிறது என்று எழுதினார்கள். பாக்டீரிய நொதிகளில் முன்பு காணாத இயல்பு அது.

எம்.ஐ.டி. குழு 2020இல் இதை மறுத்தது. அவர்கள் கையில் அதே பாக்டீரியாவின் அதே புரதம் ஒற்றை இழையை மட்டுமே வெட்டியது. நொதிக்கு வேண்டிய உலோகம் துத்தநாகம் என்றும், புரதத்தில் துத்தநாகம் நிரம்பிய அளவு கூடக்கூட வெட்டும் திறன் கூடுகிறது என்றும் காட்டினார்கள். நீக்கப்பட்ட திரிபில் சீராகாத 16எஸ் முன்வடிவம் தேங்கியிருப்பதையும் கண்டார்கள். ஈ. கோலியின் புரதத்தைக் குதிரைமசால் பாக்டீரியாவுக்கும், அதன் புரதத்தை ஈ. கோலிக்கும் மாற்றிக் கொடுத்தபோது இரண்டிலும் அந்தக் குறை நீங்கியது. கால்நடைகளில் கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லாவிலும் இதே தேக்கம் தெரிந்தது. அது குதிரைமசால் பாக்டீரியாவின் நெருங்கிய உறவுக்காரன்; செடியின் செல்லுக்குப் பதிலாக விலங்கின் செல்லுக்குள் வாழ்வது.

2020ஆம் ஆண்டு அறிக்கையை நான் கூடுதலாக நம்புகிறேன். அதிலுள்ள மாற்றிக்கொடுத்த சோதனை, சோதனைக்குழாய் வேதியியலைச் சாராமல் செல்லுக்குள் நடந்தது என்பது காரணம். 2017ஆம் ஆண்டின் இழுத்தெடுப்புச் சோதனைக்கும் குறு ஆர்.என்.ஏ. முடிவுக்கும் இந்த மறுப்பால் பாதிப்பில்லை. ஒரு கட்டுரையின் ஒரு முடிவு மறுக்கப்பட்டால் முழுவதையும் ஒதுக்கிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது இங்கே பொருந்தாது.

ஏறத்தாழ அதே காலத்தில், மனிதரின் 21ஆம் குரோமோசோமில் உள்ள இதன் உறவுப் புரதம், மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம்கள் உருவாக இன்றியமையாதது என்றும் நிறுவப்பட்டது.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

முதலாவது வரிசை. தொடர்பில்லாத பல நெருக்கடிகளில் ஒரு திரிபு தளர்கிறது என்று கண்டவுடனேயே ரைபோசோமைப் பார்க்க வேண்டும். செல்லின் மொத்த ஆர்.என்.ஏ.வைக் கூழ்மத்தில் நீண்ட நேரம் ஓட்டி 16எஸ் பட்டை இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பதும், சர்க்கரைக் கரைசல் அடுக்கில் சுழற்றி 30எஸ், 50எஸ் (பெரிய பாதி), 70எஸ் அளவுகளைப் பார்ப்பதும் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. குதிரைமசால் பாக்டீரியாவில் இந்தத் தேக்கம் அறிக்கையானது 2020இல்தான். 2008லேயே அது கிடைத்திருந்தால் 2011ஆம் ஆண்டு விவாதம் வேறு வடிவம் எடுத்திருக்கும்.

இரண்டாவது ஒப்பீடு. ஒரு திரிபு எச்.எஃப்.கியூ. திரிபைப் போலிருக்கிறது என்று சொல்லும்போது, ரைபோசோம் மட்டும் பழுதான வேறொரு திரிபையும் பக்கத்தில் நிறுத்த வேண்டும். அதுவும் அதேபோலத் தளர்ந்தால், ஒற்றுமைக்குத் தனிப்பொருள் கிடையாது. நலிந்த செடிகள் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

மூன்றாவது உலோகம். பெரும்பாலான ஆய்வகங்கள் புரதத்தில் ஹிஸ்டிடின் வால் பொருத்தி நிக்கல் தூணில் பிடித்துச் சுத்திகரிக்கின்றன. சேமிக்கும் கரைசலில் உலோகத்தைக் கவ்வி எடுக்கும் வேதிப்பொருளையும் சேர்க்கின்றன. மூன்று ஹிஸ்டிடின்களால் உலோகத்தைப் பிடித்திருக்கும் புரதத்துக்கு இந்த வழக்கம் ஒத்துவராது. உள்ளே எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதாத நொதிச் சோதனையை இனி நான் முழுமையானதாகக் கொள்ளமாட்டேன். கூடவே, உலோகத்தைப் பிடிக்க முடியாதபடி மாற்றிய புரதத்தையும் அதே தூணில், அதே நாளில் சுத்திகரித்து இணையாக ஓட்ட வேண்டும். அதுவும் வெட்டுகிறது என்றால், வெட்டியது உற்பத்திக்குப் பயன்பட்ட ஈ. கோலியிலிருந்து ஒட்டிவந்த வேறொரு நொதி.

நான்காவதாக, அந்த மாற்றிய புரதத்தை வேர்முடிச்சுக்கும் கொண்டுபோக வேண்டும். மரபணுவை நீக்கிய பாக்டீரியா, வெட்ட முடியாத புரதத்தைத் தாங்கிய பாக்டீரியா, எச்.எஃப்.கியூ. இல்லாத பாக்டீரியா, ரைபோசோம் மட்டும் பழுதான பாக்டீரியா ஆகிய நான்கையும், பழுதற்ற ஒன்றோடு சேர்த்து, ஒரே விதைத் தொகுதியில் முளைத்த குதிரைமசால் நாற்றுகளில் ஏற்ற வேண்டும். முடிச்சின் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், முடிச்சுக்குள் எந்தக் கட்டத்தில் பாக்டீரியா நின்றுபோகிறது என்று வெட்டிப் பார்க்க வேண்டும். செடிக்குழாயில் நிற்பதும், செல்லுக்குள் இறங்கிய பிறகு மடிவதும் வெவ்வேறு கோளாறுகள். ரைபோசோமின் பங்கையும் குறு ஆர்.என்.ஏ.வின் பங்கையும் தனித்தனியே கணக்கிட அந்த வேறுபாடுதான் பிடி கொடுக்கும்.